பழைய டீசல் டிராக்டரின் கியர் எண்ணெயை மாற்றும் முறை

மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு குறைந்தால் அது வழியெல்லாம் கத்தும். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து மூங்கிற் குழாயில் அடைத்து, வண்டியின் கீழே தொங்கவிட்டுக்கொண்டு சந்தைக்குப் புறப்படுவது முன்னாள் வண்டிக்காரர்களின் வழக்கம். கத்துகின்ற அச்சு தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். டிராக்டரின் கியர் பெட்டி அவ்விதமானதன்று. அதன் பற்சக்கரங்கள் யாவும் தடித்த வார்ப்பிரும்புக் கூட்டினுள் மூடிக் கிடப்பவை. உள்ளே எண்ணெய் கெட்டுப் பல மாதங்கள் சென்ற பின்னரும் வெளியே யாதொரு சப்தமும் கேளாது. சப்தம் கேட்கத் தொடங்கும்பொழுதோ பேரிங்குகள் பழுதாகிவிட்டன என்பது பொருள். அப்போது எண்ணெயை மாற்றுவதால் பிரயோஜனம் இல்லை. வண்டியை நடுவே பிளந்து பழுது பார்க்க வேண்டியதாகும்.

தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிற் பல, கடன் கொடுப்பதோடு நில்லாமல், டிராக்டர் முதலிய யந்திரங்களை வாங்கி அங்கத்தினர்களுக்கு மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டு வருகின்றன. சொந்த டிராக்டருக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. சங்கத்து டிராக்டருக்கோ அங்கத்தினர் அனைவரும் சொந்தக்காரர்; ஆகையால் எண்ணெயை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தால், ஓட்டுநர் காரியதரிசி பார்ப்பார் என்றும், காரியதரிசி பட்டறைக்காரர் பார்ப்பார் என்றும், வாடகைக்கு எடுத்தவர் அது தமது பொறுப்பே அன்று என்றும் இருந்துவிடுவது இயல்பு. டீசல் அன்றாடம் தீர்ந்துபோவதால் அதற்குக் கணக்கு தவறுவதில்லை. கியர் எண்ணெய் தீர்ந்துபோவதில்லை, உள்ளிருந்தபடியே கெட்டுப்போகிறது. பிசானப் பருவத்தில் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு டிராக்டர் பட்டறையில் கிடக்குமானால், அதை நம்பியிருந்த அத்தனை அங்கத்தினர்களின் நடவும் பிந்தும். அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை என்பதனாலேயே அதைப் பெரிதாக எண்ணுவோர் குறைவு.

தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள விசேஷ அபாயம்

கியர் எண்ணெயை இத்தனை மணி வேலைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு டிராக்டரின் கையேட்டிலும் கண்டிருக்கும். பல வண்டிகளுக்கு அது 1,000 மணி என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. புன்செய்க் காட்டில் உழும் டிராக்டருக்கு இந்தக் கணக்குப் பெரும்பாலும் போதும். தாமிரபரணிக் கரையில் இக்கணக்கு ஒன்றை மாத்திரம் நம்பியிருத்தல் ஆகாது.

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் இந்நதி, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகளால் தடுக்கப்பட்டுக் கால்வாய்கள் வழியே வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் புன்னைக்காயலருகே கடலிற் கலக்கிறது. கார், பிசானம் ஆகிய இரு போகங்களுக்கும் வயலில் நீரைக் கட்டித் தொளி உழவு செய்வது இங்கே வழக்கம். தொளி உழவில் டிராக்டரின் பின் அச்சுக் கூடு மணிக்கணக்காகச் சேற்றிலும் நீரிலும் அளைந்துகொண்டிருக்கிறது. கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் வாரியடிக்கும் சேறு, கூட்டின் ஒவ்வொரு இடுக்கிலும் அப்பிக்கொள்கிறது. எண்ணெய்க் கூட்டினுள் நீர் புகுவதற்கு இதைவிட ஏற்ற நிலை வேறில்லை.

நீர் புகும் விதத்தை அறிந்துகொண்டால் பாதி காரியம் முடிந்தது எனலாம். கியர் பெட்டி எண்ணெயால் முற்றும் நிரப்பப்படுவதன்று. மேற்பாகத்தில் காற்று இருக்கும். வண்டி உழைக்க உழைக்க எண்ணெயும் காற்றும் சூடேறும். சூடேறிய காற்று விரிந்து வெளியேறுவதற்காகக் கூட்டின் மேலே மூச்சுக்குழல் ஒன்று வைத்திருப்பார்கள். பட்டறைகளில் இதைப் பிரீதர் என்பர். சூடேறிய வண்டி திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையேனும் உள்ளே இழுத்தாக வேண்டும். மூச்சுக்குழல் திறந்திருந்து அதன் வாய் நீருக்கு மேலே இருந்தால் காற்றை இழுக்கும். நீருக்குள் இருந்தால் நீரையே இழுக்கும். சேறு காய்ந்து மூச்சுக்குழல் அடைபட்டிருந்தாலோ, அச்சு வெளிவரும் இடத்தில் எண்ணெய் கசியாதபடி தடுக்கும் ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையத்தின் உதட்டு வழியாகச் சேற்று நீரை உறிஞ்சும். எண்ணெய் வெளியே ஒழுகாத சீல், நீரை உள்ளே விடாது என்று எண்ணிவிடலாகாது. அது உள்ளிருந்து வெளியே வருவதைத் தடுக்க அமைந்ததே அன்றி, உள்ளே இழுக்கும் விசையைத் தாங்க அமைந்ததன்று.

ஆகவே மூச்சுக்குழலைக் கழற்றி டீசலில் அலசி ஊதிப் பார்ப்பது, செலவில்லாத முதற் காவல். தொளி உழவு நடக்கும் வாரங்களில் இதை வாரம் ஒரு முறை செய்தல் நலம். காலையில் தார் ரோட்டில் வெகு தூரம் ஓட்டி வந்த வண்டியை உடனே வாய்க்காலில் இறக்கிக் கழுவுகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அதைவிட வண்டிக்குத் தீங்கு செய்யும் குளியல் வேறு கிடையாது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய இரு ஜில்லாக்களிலும் பெய்த மழை இவ்விஷயத்தை வேறு விதமாகவும் கற்பித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலின் பிரயாணிகள் வெளியேற வழியின்றித் தவித்தனர். இத்தகைய வெள்ளத்தில் ஒரு டிராக்டரோ லாரியோ அச்சுக்கு மேல் நீரில் நின்றிருந்தால், அதன் மணிக்காட்டி என்ன காட்டினாலும் கணக்கில்லை. கியர் பெட்டியில் நீர் புகுந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். என்ஜினைப் பற்றி எல்லோரும் அஞ்சுவர், அதை உடனே திறந்தும் பார்ப்பர். என்ஜின் உயிர் பெற்று வண்டி ஓடத் தொடங்கியதும் ஆபத்து நீங்கியது என்று எண்ணிக் கியர் பெட்டியை மறந்துவிடுவதே அப்படிப்பட்ட சமயங்களில் நேரும் பிழை.

நீர் கலந்ததை அறிதல்

எண்ணெய் செய்யும் வேலை, ஒரு பல்லும் மற்றொரு பல்லும் நேருக்கு நேர் உரையாதபடி இடையே ஒரு மெல்லிய படலமாய் நிற்பதே. நீர் கலந்த எண்ணெயால் அப்படலத்தைத் தாங்க முடியாது. மேலும் வண்டி சும்மா நிற்கும் நாட்களில் நீர் பேரிங்குகளின் மீது தங்கித் துருவை உண்டாக்குகிறது. பேரிங்கின் குண்டுகள் கண்ணாடி போல் மழமழப்பாய் இருந்தாலொழிய உழைக்க மாட்டா. ஒரு கடுகளவு துருக் குழி விழுந்தால் அது நாளடைவில் பெரிதாகிச் செதில் செதிலாய்ப் பெயர்ந்துவிடும். செதில்கள் எண்ணெயோடு சுழன்று மற்றப் பேரிங்குகளையும் கெடுக்கும். வேனிற்காலத்தில் இரண்டு மாதம் நிழலில் ஓய்ந்திருந்த டிராக்டர், காருக்கு இறங்கிய மறுவாரம் பழுதாவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

எண்ணெயில் நீர் உண்டா என்று பார்க்க மூன்று வழிகள் உள்ளன. அளவுக்கோலை உருவிப் பார்க்கையில் எண்ணெய் தேன் நிறத்திலோ கருமையாகவோ இருந்தால் நீர் கலந்ததற்கு வெளி அடையாளம் இல்லை. பால் விட்ட காப்பி போல் வெளுத்திருந்தால் நீர் நன்றாகக் கலந்துவிட்டது. இது எவரும் காணக்கூடிய அடையாளம். ஆனால் வண்டி வெகு நாள் நின்றிருந்தால் நீர் கனத்தால் அடியில் இறங்கி, மேலே உள்ள எண்ணெய் தெளிந்து காணும். அளவுக்கோல் அப்போது பொய் சொல்லும். ஆதலின் ஓர் இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் ஓட்டுவதற்கு முன், அடியில் உள்ள வடிதிருகை அரைச் சுற்று மாத்திரம் தளர்த்திப் பார்த்தல் இரண்டாவது வழி. நீர் இருந்தால் எண்ணெய்க்கு முன்னே அது சொட்டும். மூன்றாவது, சந்தேகம் தீராதபோது செய்வது: சமையலுக்கு உதவாத பழைய இரும்புத் தகடு ஒன்றை நன்றாய்க் காய்ச்சி, அதன்மேல் ஒரே ஒரு சொட்டு எண்ணெயை விட வேண்டும். நீரில்லாத எண்ணெய் ஓசையின்றிப் பரவிப் புகையும். நீருள்ளது தாளிப்புப் போல் படபடவென்று வெடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, டீசல் வைத்திருக்கும் இடத்துக்கு அப்பால் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்த எண்ணெய் என்பது

கடையில் எண்ணெய் கேட்கும்போது உண்டாகும் குழப்பங்கள் பல. முதலாவது, எண்களைப் பற்றியது. என்ஜின் எண்ணெய்க்கு 40 என்றும் கியர் எண்ணெய்க்கு 90 என்றும் எழுதியிருக்கக் கண்டு, பின்னது முன்னதைவிட இரு மடங்கு கெட்டியானது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். படியால் அளந்ததையும் நாழியால் அளந்ததையும் எண்ணிக்கையால் ஒப்பிடுவது போன்றது அது. 90 என்ற கியர் எண்ணெய், சூடான நிலையில், 40 அல்லது 50 என்ற என்ஜின் எண்ணெயின் கெட்டித் தன்மையையே ஏறக்குறைய உடையது. 80டபிள்யூ-90 என்று இரட்டை எண் போட்டிருந்தால், முன் எண் குளிர்காலத்தில் அது இளகி ஓடும் தன்மையைக் குறிப்பது. குளிர் தேசத்தாருக்கு அது பெரிய விஷயம். அம்பாசமுத்திரத்திலும் சேரன்மாதேவியிலும் பின் எண்ணே முக்கியம்.

இரண்டாவது குழப்பம், ஒரே கூட்டில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்பதைப் பற்றியது. 1946-இல் இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரில் செய்யத் தொடங்கப்பட்ட ஃபெர்குசன் டிராக்டரில், கியர் பெட்டி, பின் அச்சு, கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய் பொதுவாய் இருந்தது. அந்த வம்சத்து வண்டிகளே பிற்பாடு, 1960-இல் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே கம்பெனியின் மூலமாக மாஸி ஃபெர்குசன் என்ற பெயரில் நம் வயல்களுக்கு வந்தன. இத்தகைய வண்டியில் நீர் புகுந்தால் பற்சக்கரத்தோடு கலப்பை தூக்கும் பம்பும் கெடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இன்னும் சில வண்டிகளில் பிரேக்குத் தட்டுகளும் இதே எண்ணெயில் மூழ்கியிருக்கும். அவற்றுக்கென்று தனியாகச் செய்த டிராக்டர் எண்ணெயையே ஊற்ற வேண்டும். விலை மலிவு என்று வெறும் கியர் எண்ணெயை ஊற்றினால் பிரேக்கு கிறீச்சிடும், அல்லது வழுக்கும். உலர்ந்த பிரேக்கு உள்ள பழைய வண்டிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தமது வண்டி எவ்வகை என்பதைக் கையேட்டில் பார்த்து, கூட்டின் மீதே வர்ணத்தால் எழுதி வைப்பது உத்தமம். கையேடு காணாமற் போகலாம். கூடு காணாமற் போகாது.

மூன்றாவது, சங்கத்தில் பழைய டீசல் வேனோ சிறு லாரியோ இருந்தால் அதற்கு உரியது. அதன் மேற்கூட்டில் நெல் மூட்டை ஏற்றினாலும், ரேஷன் சாமான் ஏற்றினாலும், சிலர் செய்வதுபோல் படுக்கையும் அடுப்பும் அமைத்து வீடாகவே ஆக்கிக்கொண்டாலும், கீழே உள்ள கியர் பெட்டிக்கு அதெல்லாம் ஒன்றே. அவ்வண்டிகளின் கியர் பெட்டியில் கியர் விழும்போது சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்கள் இருப்பதுண்டு. டின்னில் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று இரு தரங்கள் போட்டிருக்கும். பின்னதில் கந்தகம் கலந்த மருந்துச் சரக்கு முன்னதைவிட ஏறக்குறைய இரு பங்கு. பெரிய பாரத்தைத் தாங்கும் பின் அச்சுக்கு அது ஏற்றது. ஆனால் அவ்வகை எண்ணெய்களிற் சில சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடியவை; அன்றியும், வளையம் பற்ற வேண்டிய இடத்தில் வழுக்கச் செய்து, கியர் போடும்போது கரகரப்பை உண்டாக்கும். பெரிய எண் உயர்ந்த சரக்கு என்று எண்ணிப் பணமும் அதிகம் கொடுத்து வண்டியையும் கெடுத்துக்கொள்ளுதல் வேண்டா. கையேடு ஜி.எல்.-4 என்றால் அதுவே.

மாற்றும் முறை

பங்குனியில் பிசான அறுவடை முடிந்து, காருக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னுள்ள ஓய்வே இவ்வேலைக்குத் தக்க காலம். எண்ணெய் சூடாயிருந்தால் இளகி முழுதும் வடியும். அதில் மிதக்கும் அழுக்கும் உடன் வரும். ஆகையால் கால் மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டுச் சமதரையில் நிறுத்த வேண்டும். நீரைப் பார்ப்பதற்காக அடித்திருகைத் தளர்த்தும் பரிசோதனையை அதற்கு முந்திய காலையிலேயே செய்துவிட வேண்டும். ஓட்டிய பின் நீர் மறுபடி கலந்துவிடும். கலப்பை முதலியவற்றைக் கழற்றி, தூக்கு கைகளை முற்றும் இறக்கிவிட வேண்டும். மேலே தூக்கி நின்றால் எண்ணெயில் ஒரு பகுதி ஹைட்ராலிக்கின் உள்ளேயே தங்கிவிடும். என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே படுப்பது எவ்விதத்திலும் கூடாது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று உண்டு. வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன் ஊற்றும் திருகைத் திறந்து பார்த்துவிட வேண்டும். பழைய வண்டிகளில், முக்கியமாக வேன்களில், கூட்டின் பக்கவாட்டில் உள்ள ஊற்றுத்திருகு பல வருஷம் திறக்கப்படாமல் துருவேறி இறுகியிருக்கும். உள்ளதை வடித்துவிட்ட பிறகு, ஊற்றும் வழி திறக்கவில்லை என்று கண்டால் வண்டி நின்ற இடத்தில் நின்றது நின்றதே; எண்ணெயின்றிப் பட்டறை வரை ஓட்டவும் முடியாது. இறுகிய திருகுக்கு அளவு சரியான ஸ்பேனர் வேண்டும். தளர்ந்த ஸ்பேனரால் திருகின் முனைகளை மழுக்கிவிட்டால் பிறகு அதை உளியால் வெட்டி எடுக்க நேரும். துரு இளக்கும் எண்ணெயை முந்திய நாள் மாலையே விட்டு ஊறவைத்தால் பெரும்பாலும் மறுநாள் இணங்கும். திறக்குமுன் திருகைச் சுற்றியுள்ள சேற்றைத் துடைப்பது மறக்கக்கூடாதது. காய்ந்த சேறு ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் அது அரைக்கும் கல்லாகும்.

வேன் கியர் பெட்டியில் இரண்டு மூன்று லிட்டரே இருக்கலாம். பொதுக் கூடுள்ள டிராக்டரில் முப்பது லிட்டருக்கு மேலும் இருப்பதுண்டு. கொள்ளளவைக் கையேட்டில் பார்த்து அதற்கேற்ற பாத்திரம் வைத்துக்கொள்ளாதவர், பாதி வடிந்த நிலையில் அடைக்க முடியாத துளையைக் கைவிரலால் பொத்திக்கொண்டு நிற்பார். கூட்டில் வடிதிருகு ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம். அவற்றை எண்ணித் தெரிந்துகொண்டு யாவற்றையும் திறத்தல் வேண்டும். கால் மணி அரை மணி பொறுத்து முழுதும் வடியவிட வேண்டும்.

வடிந்ததைக் கொட்டுமுன் பார்க்க வேண்டும். திருகின் முனையில் காந்தம் பதித்திருந்தால் அதில் மை போன்ற சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பு. பற்கள் சிறிது சிறிதாய்த் தேய்ந்த பொடி அது. அதை விரல்களிடையே தேய்த்துப் பார்க்கையில் மழமழவென்றிருந்தால் கவலையில்லை. ஊசி போன்ற சிலாம்புகளோ, நகத்துணுக்குப் போன்ற செதில்களோ, பல்லின் மூலையோ காணப்பட்டால் புது எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தி மெக்கானிக்கை அழைக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள்கள் பித்தளை வளையம் அல்லது புஷ் தேய்வதைத் தெரிவிப்பவை. அத்துணுக்குகளை எறிந்துவிடாமல் காகிதத்தில் மடித்து வைத்துக்காட்டினால் மெக்கானிக்குக்கு அது வைத்தியருக்கு நாடி போல் உதவும்.

நீர் கலந்திருந்ததானால் ஒரு முறை வடித்தது போதாது. வெளுத்த எண்ணெய் மூலை முடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். டீசலை ஊற்றிக் கழுவுவது பட்டறைகளில் சகஜம். டீசல் அழுக்கை நன்றாய் அறுக்கும் என்பது உண்மையே. ஆயினும் அது எண்ணெய்ப் படலத்தையும் சேர்த்து அறுத்துவிடும். உள்ளே தங்கினால் புது எண்ணெயை இளக்கிவிடும். டீசலோடு வண்டியைப் பாரத்தில் ஓட்டுவது அறவே தகாது. அதே வகை எண்ணெயை, விலை குறைந்ததாயினும், ஊற்றிப் பாரமின்றிச் சில நிமிஷம் கியர்களைச் சுழலவிட்டு, சூட்டோடு வடித்துவிடுதலே மேலான முறை. இரு முறை எண்ணெய் வாங்கும் செலவு கசக்கத்தான் செய்யும். ஒரு தொகுதி பேரிங்கும் அதைப் போடும் கூலியும் அதைவிட மிகக் கசக்கும். நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டு மூச்சுக்குழலையோ சீலையோ சரி செய்யாமல் எண்ணெயை மாத்திரம் மாற்றுவது, ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் மாற்றுவதாகும். ஹைட்ராலிக் உறிஞ்சும் வலைச்சல்லடை உள்ள வண்டியில் அதையும் கழற்றிக் கழுவியோ, மாற்றியோ போட வேண்டும்.

திருகுகளுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கும்போது பலத்தைக் காட்ட வேண்டியதில்லை. அலுமினியக் கூட்டில் பலம் காட்டினால் மரைகள் உரிந்துவிடும். புது எண்ணெயைச் சுத்தமான புனலாலோ, கைப்பம்பாலோ மெல்ல ஊற்ற வேண்டும். பக்கத்துளை உள்ள வண்டியில், துளையின் கீழுதட்டைத் தொட்டு எண்ணெய் தானே வழியத் தொடங்கும் மட்டமே சரியான மட்டம். அளவுக்கோல் உள்ள வண்டியில் சிறிது பொறுத்து மட்டம் பார்த்து, பின் என்ஜினைப் போட்டுத் தூக்கு கைகளை நாலைந்து முறை ஏற்றி இறக்கி, மறுபடியும் பார்க்க வேண்டும்; காலியாயிருந்த குழாய்கள் நிரம்பும்போது மட்டம் தாழ்வது வழக்கம். குறைவாக ஊற்றினால் மேல் தண்டின் பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது. சற்று அதிகமாகவே இருக்கட்டும் என்று ஊற்றினாலோ சக்கரங்கள் கடைந்து நுரையாக்கும். நுரை சூடேறிச் சீல்களைத் தள்ளிக்கொண்டு பிரேக்கிலும் கிளட்சிலும் போய்ச் சேரும். தாராளம் நன்மை செய்யாத இடம் இது.

அன்றிரவு வண்டியின் கீழே ஓர் அட்டையை விரித்து வைத்தால், எந்தத் திருகு கசிகிறது என்பதைக் காலையில் அந்த அட்டையே காட்டும்.

சங்கத்தார் செய்யவேண்டியது

டிராக்டரோடு செல்லும் வேலைக் குறிப்புப் புத்தகத்தில் கியர் எண்ணெய்க்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, மணிக்காட்டியின் எண், ஊற்றிய எண்ணெயின் தரம், எத்தனை லிட்டர், வடித்ததன் நிறம், காந்தத்தில் கண்டது ஆகியவற்றை எழுதி, மாற்றியவரும் காரியதரிசியும் கையெழுத்திட வேண்டும். வாடகை விகிதத்தை நிர்ணயிக்கும் கூட்டத்தில் டீசலுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் ஒதுக்குவதுபோல், மணிக்கு இவ்வளவு என்று எண்ணெய்க்கும் சேர்த்து ஒதுக்கிவிட்டால், மாற்றும் காலம் வரும்போது பணத்துக்குத் தீர்மானம் போட்டுக் காத்திருக்க நேராது. தொளி உழவுக்கு வாடகைக்கு எடுப்பவரிடம், வண்டி எவ்வளவு ஆழத்தில் இறங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்வதும் நலம். அச்சு முழுகியதாகத் தெரிந்தால் மறுநாட் காலையே வடிதிருகைத் தளர்த்திப் பார்க்கலாம். நாலு சொட்டு நீரோடு போகக்கூடிய காரியம் அது.

வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது என்பது கடைசி விஷயம். அதை வரப்போரத்தில் கொட்டுவதும், வாய்க்காலில் விடுவதும், கரையான் வராதென்று வீட்டு மரத்துக்குப் பூசுவதும் பழக்கத்தில் இருந்து வந்திருக்கின்றன. வாய்க்காலில் விட்டது ஆற்றுக்கே திரும்பும். தாமிரபரணியின் நீரைக் குடித்து வாழும் ஊர்கள் இரு ஜில்லாக்களிலும் பல. பழைய எண்ணெய் 2016-ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. பதிவு பெற்ற மறுசுத்தி செய்வோரிடமே அது சேர வேண்டும். அதுவரையில் மூடியுள்ள டின்னில், ‘பழைய எண்ணெய்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல், மழைபடாத இடத்தில் வைக்க வேண்டும். பிரேக்கு எண்ணெய், பெயிண்டு, தண்ணீர் முதலியவற்றை அதனுடன் கலந்தால் வாங்குவோர் கழித்துவிடுவர். கையில் பட்டதை டீசலால் தேய்த்துக் கழுவாமல் சோப்பிட்டுக் கழுவுவதும், எண்ணெய் பிடித்த துணியை டீசல் பீப்பாயின் பக்கத்தில் குவித்து வைக்காதிருப்பதும் ஓட்டுநருக்குச் சொல்லி வைக்க வேண்டியவை.